கர்னல் க்ருபாச்சின் முதுகுவலி

என் கணவன் ஓப்ரெனின் வேலை ஒரு ஆளை ஒளித்து வைப்பது. என் தங்கை ருஷாவின் கணவன் த்ராகிஷாவின் வேலை அதே ஆளைத் தேடுவது. இரண்டு பேருக்கும் ஒரே அரசாங்கம்தான் சம்பளம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலைகள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து சூப்பை ஊற்றிக் குடிப்பார்கள்.

இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஓப்ரென் ராணுவ உளவுப் பிரிவில் இருந்தான். த்ராகிஷா இருந்தது அரசாங்கத்தின் இன்னொரு உளவு அமைப்பில். என்ன வேலை என்று கேட்டால் ஓப்ரென் "உட்கார்ற வேலை" என்பான், த்ராகிஷா "அலையிற வேலை" என்பான். அதற்கு மேல் கேட்கும் வழக்கம் பெல்கிரேடில் எந்தக் குடும்பத்திலும் கிடையாது.

த்ராகிஷா யாரைத் தேடுகிறான் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். அவன் தேடுவதைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். கர்னல் ஸ்வெதோலிக் க்ருபாச். சண்டை நடந்தபோது போஸ்னியாவில் புக்வினா என்ற சின்ன ஊரைக் கையில் வைத்திருந்தவர். ஹேக் நகரத்துப் போர்க்குற்ற நீதிமன்றம் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் அமைச்சர் மாதம் ஒருமுறை கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, "அவர் நம் மண்ணில் இல்லை. இருந்திருந்தால் பிடித்திருப்போம்" என்பார். அடுத்த வாரம் த்ராகிஷா ஆட்களையும் கேமராக்களையும் கூட்டிக்கொண்டு கர்னலின் அம்மா வீட்டைச் சோதனை போடப் போவான்.

அப்படி ஒரு ஞாயிறு. பெல்கிரேடை ஒட்டிய ஸெமூனில் ருஷா வீட்டில் சாப்பாடு.

"என்ன சகலை, இந்தத் தடவை கோழிக்கூண்டுக்குள்ளயே தலையை விட்டியாமே? டிவியில பார்த்தேன். ஏதாவது கிடைச்சுதா?" என்றான் ஓப்ரென்.

"முட்டை கிடைச்சுது" என்றான் த்ராகிஷா. "அந்தம்மாவே குடுத்து அனுப்பினாங்க. பாவம், நாலாவது தடவை. இப்பல்லாம் நாங்க வர்றோம்னு தெரிஞ்சா காப்பி போட்டு வச்சிடறாங்க."

"அந்த முட்டையிலதான் இந்த நூடுல்ஸ் பிசைஞ்சேன்" என்றாள் ருஷா. "சாப்பிடுங்க. ஆளைப் பிடிக்கலைன்னாலும் சூப்புக்கு ஆச்சு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் க்ருபாச் என்ற பெயர் வரும்போதெல்லாம் எனக்கு ஸும்ரெதா ஞாபகம் வரும்.

ஸும்ரெதாவும் நானும் பெல்கிரேடில் பிசியோதெரபி படித்தபோது விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். அப்போது போஸ்னியாவும் நாங்களும் ஒரே நாடு. அவள் புக்வினாக்காரி. படிப்பு முடிந்ததும் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். சண்டை வந்ததும் அவள் அப்பாவும் கணவனும் ஒருநாள் காலையில் ஊர்க்கோடியிலிருந்த மரமறுக்கும் ஆலைக்குப் போனார்கள். கர்னல் உள்ளூர் ரேடியோவில் கூப்பிட்டதால் முஸ்லிம் ஆண்கள் எல்லோருமே போனார்கள். யாரும் திரும்பவில்லை. ஸும்ரெதா இப்போது ஸ்வீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். புத்தாண்டுக்கும் பிறந்தநாளுக்கும் போன் செய்வாள். வானிலை, முழங்கால், சம்பளம் எல்லாம் பேசுவோம். அந்த ஆலையைப் பற்றி ஒரே ஒருமுறைதான் சொன்னாள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை என்றாள்.

செப்டம்பரில் ஓப்ரென் வந்து என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நேவெங்கா, எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குத் தெரிஞ்ச பெரியவர். ரிட்டயர்டு பேராசிரியர். முதுகு சுத்தமா போச்சு. வெளிய வர முடியல. நீ போய்க் கொஞ்சம் பிடிச்சு விடறியா?"

"ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லு. நான் அங்கதானே இருக்கேன்."

"கூச்ச சுபாவம்."

கூச்ச சுபாவக்காரர் புது பெல்கிரேடில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவன் ஒரு நெட்டையன். அவனுக்குப் பின்னால் ஒரு குட்டையன் கையில் சீட்டுக்கட்டோடு நின்றான். இருவரும் பேராசிரியரின் அக்கா பிள்ளைகளாம். அக்கா பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இடுப்பில் துப்பாக்கி செருகியிருப்பதை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

பேராசிரியர் ட்ராக் சூட்டில் இருந்தார். தொப்பை, தொங்கும் தாடை, கரிக்கட்டை மாதிரி சாயம் போட்ட தலை. கட்டிலில் குப்புறப் படுக்க வைத்துக் கை வைத்தேன். கீழ் முதுகில் டிஸ்க் விலகியிருந்தது, பொய்யில்லை. கட்டைவிரலைக் கொடுத்து அழுத்தியதும் மூன்று மாடிக்குக் கேட்கும்படி கத்தினார்.

"அடியே, கொல்லப் பார்க்கிறியா?"

"மூச்சை விடுங்க பேராசிரியரே. உள்ள பிடிச்சு வச்சுக்கிட்டா வலிக்கத்தான் செய்யும்."

வாரத்துக்கு இரண்டு முறை போனேன். மனிதர் வாய் ஓயாது. சூப் ஆறிப்போச்சு, அக்கா பிள்ளைகள் சீட்டில் ஏமாற்றுகிறார்கள், ஜன்னல் திரையைத் திறக்க விடுவதில்லை, இந்த நாட்டுக்கு நன்றி இல்லை. எல்லாவற்றையும்விட அவரை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. அது எனக்குப் புரியவே சில வாரங்கள் ஆயின. எனக்கு அவரைத் தெரியவில்லை என்பதுதான் அது.

"என் முகத்தை நல்லாப் பார்த்திருக்கியா?" என்பார்.

"எனக்கு உங்க முதுகுதான் பழக்கம்."

"என்னை எங்கயாவது பார்த்த மாதிரி இல்ல?"

"எங்க வீட்டுக் குழாய் ரிப்பேர் செய்யறவர் ஜாடை இருக்கு."

அடுத்த அறையில் குட்டையன் சிரிப்பை அடக்கி இருமுவது கேட்கும். பேராசிரியர் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொள்வார். அன்று முழுவதும் கோபம் போகாது.

"ஒரு காலத்துல நான் தெருவுல நடந்தா ஜன்னல் எல்லாம் திறக்கும். தெரியுமா உனக்கு?" என்றார் ஒருநாள்.

"எதுக்கு, வாடகை வசூல் பண்ணப் போனீங்களா?"

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. முழங்கையை ஊன்றி, வலியோடு திரும்பி என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, நெஞ்சுக்குள்ளிருந்து, வேறு ஆள் மாதிரிப் பேசினார்.

"புக்வினா மக்களே. ஒரு துண்டு, ஒரு சோப்பு, ஒருவேளைச் சாப்பாடு எடுத்துக்கிட்டு மரமறுக்கும் ஆலைக்கு வாங்க. பேரைப் பதிஞ்சுட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்." பிறகு தன் சாதாரணக் குரலுக்குத் திரும்பினார். "சோப்புன்னு சொன்னேன் பாரு, அங்கதான் மூளை. சோப்பு எடுத்துட்டு வான்னு சொன்னா எவனுக்காவது சாவு ஞாபகம் வருமா? ஒரு தோட்டா செலவில்லாம அத்தனை பேரும் தானா நடந்து வந்தானுங்க. இப்பத் தெரியுதா நான் யாருன்னு?"

என் கை நிற்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கை பாட்டுக்கு அவர் முதுகைப் பிசைந்துகொண்டே இருந்தது.

"தெரியுது கர்னல்" என்றேன். "திரும்பிப் படுங்க. இடது பக்கம் பாக்கி இருக்கு."

அவர் திருப்தியாகத் திரும்பிப் படுத்தார். ஒரு பாட்டுகூட முனகினார். நான் வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்தபோது நாலாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கையை மூக்கில் வைத்தால் அவருக்குத் தடவிய தைலத்தின் வாசம். வீட்டுக்குப் போய்க் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். சோப்பைக் கையில் எடுத்ததும் கீழே போட்டுவிட்டு வெறும் தண்ணீரில் கழுவினேன்.

ஓப்ரென் பால்கனியில் சிவப்புக் குடைமிளகாய்களை அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்தான். அந்த மாதத்தில் பெல்கிரேடே அந்த வாசமாகத்தான் இருக்கும். நான் எதிரே உட்கார்ந்து சுட்ட மிளகாய்க்குத் தோலுரிக்க ஆரம்பித்தேன்.

"உன் பேராசிரியர் யாருன்னு சொல்லிட்டார்" என்றேன்.

ஓப்ரென் இடுக்கியைக் கீழே வைத்தான். "அவரே சொன்னாரா? எருமை மாடு! எத்தனை பேர் உசிரைக் கொடுத்து அந்தாளை மறைக்கிறோம், வாயை மூடிக்கிட்டு இருக்கத் தெரியலையே!"

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு கவலைப்படுற. நீ செய்யறதைப் பத்திக் கவலை இல்லையா?"

"உத்தரவு, நேவெங்கா."

"யாரோட உத்தரவு?"

"மேலேருந்து வரும். மேலன்னா எவ்வளவு மேலன்னு கேக்குற பழக்கம் எங்ககிட்ட இல்ல."

"த்ராகிஷாகிட்ட சொல்லப் போறேன்."

அவன் சிரித்தான், கசப்பாக. "தாராளமா சொல்லு. அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு எனக்கும் வந்து சொல்லு."

அடுத்த ஞாயிறு ருஷா வீட்டில் த்ராகிஷாவைப் பால்கனிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முகவரி, மாடி, நெட்டையன், குட்டையன், எல்லாம். கையிலிருந்த சிகரெட் பாதி சாம்பலாகி அவன் செருப்பில் விழுந்தது.

"ஏன் அண்ணி என்கிட்ட சொன்னீங்க?" என்றான், அழாத குறையாக.

"நீதானே அவரைத் தேடுற?"

"தேடுறதுதான் என் வேலை. கண்டுபிடிக்கிறது வேற டிபார்ட்மென்ட்." பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகப் பேசினான். "நான் எழுதிக் குடுத்தா அது மேல போகும். மேலேருந்து ஒரு போன் போகும். நான் கோட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்பறதுக்குள்ள சகலை அந்தாளை வேற வீட்டுக்கு மாத்திடுவான். மறுநாள் காலி வீட்டை நான் கேமராவோட சோதனை போடுவேன். அதுக்கப்புறம் யார் சொன்னதுன்னு தேடுவாங்க. அந்தத் தேடல்ல மட்டும் நாங்க ரொம்பக் கெட்டிக்காரங்க, அண்ணி. உங்களைக் கண்டுபிடிச்சிடுவாங்க."

"அப்போ என்னதான் வழி?"

"நான் என் கண்ணால பார்க்கணும். என்கூட நூறு பேர் பார்க்கணும். அப்போ யாராலயும் மூடி மறைக்க முடியாது. அது நடக்கிற காரியமா? நூறு பேர் நடுவுல வந்து நிக்கறதுக்கு அவருக்கென்ன பைத்தியமா?"

பைத்தியம் இல்லை. ஆனால் தன்னை யாரும் கவனிக்கவில்லையே என்று உருகிக்கொண்டிருக்கும் மனிதர். அதை த்ராகிஷா அறிய மாட்டான். நான் அறிவேன்.

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ருஷா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். அவள் வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பேச்சு எப்போதும் சுருக்கமாகத்தான் இருக்கும்.

"அக்கா, என்ன செய்யணும்னு சொல்லு. இவரை நான் கொண்டுவந்து நிறுத்தறேன்."

அடுத்த முறை போனபோது கர்னலின் முதுகைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். நடிப்பு கொஞ்சம்தான். அவர் நிலைமை உண்மையிலேயே மோசம்.

"இதுக்கு மேல கையால ஆகாது. ஒண்ணு, ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கணும். இல்லன்னா வெந்நீர் ஊற்றுல சில நாள் ஊறணும். ரெண்டும் இல்லாட்டி வசந்தம் வர்றதுக்குள்ள சக்கர நாற்காலிதான்."

அதன்பிறகு நான் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. கர்னல் எல்லாவற்றையும் செய்தார். கத்தினார், தட்டை வீசினார், சாப்பிட மாட்டேன் என்றார், நெட்டையனை இன்னும் தன் படைவீரன் மாதிரி நிற்கவைத்துத் திட்டினார். ஆஸ்பத்திரி என்றால் பெயர், பதிவு, டாக்டர்கள். அதைவிட வெந்நீர் ஊற்று தேவலாம் என்று ஓப்ரென் அலுவலகத்தில் முடிவானது. ஸ்துப்லினா என்ற ஊரைச் சொன்னார்கள். அங்கே வருவதெல்லாம் மூட்டுவலிக்காரப் பென்ஷன்காரர்கள், அவர்களுக்குத் தங்கள் முழங்காலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது என்று கணக்கு. ஓப்ரெனும் கூடப் போக வேண்டும், வைத்தியத்துக்கு நானும் போக வேண்டும்.

ஓப்ரென் என்னைச் சந்தேகப்பட்டானா? பட்டிருப்பான். இருபது வருஷம் உளவுத்துறையில் இருந்தவன். மூட்டை கட்டும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எதுவும் பண்ணிடாதே" என்று மட்டும் சொன்னான். நான் அவனுடைய நீச்சல் உடையை மடித்து வைத்தேன்.

எங்கள் வீட்டுப் போனை ஒட்டுக் கேட்பது என் கணவனின் அலுவலகம் என்பதால், ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்வீடனுக்குப் பேசினேன்.

"ஸும்ரெதா, ஸ்துப்லினாவுக்கு வர்றியா? வெந்நீர்ல உட்காரலாம்."

"ஏண்டி, உனக்குக் கிறுக்கா? இவ்வளவு தூரம் குளிக்கவா வருவேன்? யார் யார் வர்றீங்க?"

"நான், தங்கச்சி, வீட்டுக்காரங்க. அப்புறம், உனக்குக் குரல் மட்டும் தெரிஞ்ச ஒருத்தர். புக்வினா ரேடியோவுல."

போனில் தூரத்தில் ஒரு கிழவர் அவளை ஸ்வீடிஷ் மொழியில் கூப்பிடுவது கேட்டது.

"என்னைக்கு வரணும்?" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம். பழைய கட்டடம், உயரமான கூரை, பச்சை ஓடு பதித்த பெரிய குளம், ஆவி. தண்ணீரில் ஊர்ப்பட்ட கூட்டம். அந்த இடத்தை ஆண்டவள் ஒரு பருத்த மேற்பார்வைக்காரம்மாள். ரப்பர் தொப்பி இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பை, செருப்பு, போன் எதுவும் உள்ளே வரக் கூடாது. எல்லாம் லாக்கரில், சாவி அவள் மேசைக்குப் பின்னால் ஆணியில். நெட்டையன் அவளிடம் ஏதோ முனகிப் பார்த்தான்.

"பையில அப்படி என்னப்பா வச்சிருக்கே? தங்கமா? உள்ள வை. குளிக்க வந்தியா, சந்தைக்கு வந்தியா?"

ஆக, அக்கா பிள்ளைகள் இருவரும் பூப்போட்ட அரைக்கால் நீச்சல் உடையில், துப்பாக்கியை மாட்ட இடமில்லாமல், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தண்ணீருக்குள் இறங்கினார்கள். நடுவில் கர்னல், தலையில் வெளிர்நீல ரப்பர் தொப்பி. ஓப்ரெனுக்கு மஞ்சள்.

குளத்தின் மறுகோடியில் ஒரு சிவப்புத் தொப்பி கண்ணில் பட்டதும் ஓப்ரென் அப்படியே நின்றுவிட்டான். த்ராகிஷா. கல்யாணநாள் என்று சொல்லி ருஷா கூட்டி வந்திருந்தாள். இவர்களைப் பார்த்ததும் த்ராகிஷா, சுவரிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு அடியில் போய் முகத்தைக் கொடுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கர்னலுக்கு யாரும் பொருட்டில்லை. கழுத்துவரை தண்ணீரில் மிதந்தார். வலி குறைந்துவிட்டது, முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் நடுவே ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு கிழவர், "கொஞ்சம் நகருங்க, வெந்நீர் வர்ற இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கறீங்க" என்றார். கர்னல் முறைத்தபடி நகர்ந்தார்.

அப்போது ஸும்ரெதா படியிறங்கினாள். பச்சை நீச்சல் உடை, வெள்ளைத் தொப்பி. முன்னைவிட இளைத்திருந்தாள். என்னைத் தாண்டிப் போனபோது என் தோளை லேசாகத் தொட்டுவிட்டு நேரே அவரிடம் போனாள்.

"தண்ணி நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"எலும்புக்கு ரொம்ப நல்லது" என்றார் கர்னல்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். "உங்க குரல் எனக்குத் தெரிஞ்ச குரல். நீங்க ரேடியோவுல பேசினவர்தானே?"

அந்த முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனதை நான் பார்த்தேன். நெட்டையன் பதறி, "பேராசிரியரே, போதும், போகலாம்" என்று கையைப் பிடித்தான். அவர் உதறினார்.

"சும்மா இருடா! எந்த ரேடியோம்மா?"

"புக்வினா."

"கர்னல் க்ருபாச்!" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி, தன் பழைய குரலில். அந்தக் கூரைக்கு அடியில் அது நாலு பக்கமும் மோதித் திரும்பி வந்தது. குளத்திலிருந்த அத்தனை தொப்பிகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"என் அப்பா சோப்பு எடுத்துக்கிட்டு வந்தார்" என்றாள் ஸும்ரெதா. அவள் சத்தம் போடவில்லை. ஆனால் யாரும் அசையாததால் எல்லோருக்கும் கேட்டது. "என் வீட்டுக்காரரும் வந்தார். துண்டு, சாப்பாடு, எல்லாம் நான்தான் மடிச்சுக் குடுத்தேன். நீங்க சொன்னபடி. அவங்களை எங்க புதைச்சீங்க?"

இரண்டு கிழவர்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கர்னலிடம் வந்தார்கள், கை குலுக்க. அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். ஆனால் மற்ற பக்கம் ஒரு அம்மாள், "இந்தத் தண்ணியில இனி நான் நிக்க மாட்டேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் படியேறினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பிறகு கைத்தடிக்காரர்கள், முழங்கால்காரர்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட. குளம் பாதிக்கு மேல் காலியானது. கரையில் சுற்றி நின்று அவரையே பார்த்தார்கள்.

அவர் எதிர்பார்த்த பார்வை அது இல்லை. சட்டென்று படிப்பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தபடி, ஒரு கை மேலே, ஒரு கை இடுப்பில், அப்படியே நின்றுவிட்டார்.

"த்ராகிஷா!" என்று கரையிலிருந்து ருஷாவின் குரல். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களை நடுத்தெருவில் அதட்டும் குரல். "எவ்வளவு நேரம்தான் நியூட்ரல்ல நிப்பே? கியரைப் போடு!"

த்ராகிஷா கொட்டும் தண்ணீரிலிருந்து தலையை எடுத்தான். கண்ணைத் திறந்தான். நூறு பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி பார்க்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை. தண்ணீருக்குள் நடந்து நடுக்குளத்துக்கு வந்தான்.

"நான் பாதுகாப்புத் துறை அதிகாரி. கர்னல் க்ருபாச், உங்களைக் கைது பண்றேன். அடையாள அட்டை, அது, லாக்கர்ல இருக்கு."

"நிஜம்தான்" என்றாள் மேற்பார்வைக்காரம்மாள். "காலையில அட்டையைக் காட்டிக் கட்டணத்துல சலுகை கேட்டார்."

நெட்டையனும் குட்டையனும் ஓப்ரெனைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரண்டு முரடர்களும் த்ராகிஷாவைத் தண்ணீரில் முக்கியிருப்பார்கள். ஓப்ரென் ஸும்ரெதாவைப் பார்த்தான். எங்கள் கல்யாணத்தில் அவள் ஆடியது அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கும். மெதுவாக மஞ்சள் தொப்பியைக் கழற்றினான்.

"விடுங்கடா" என்றான். "முடிஞ்சு போச்சு."

கர்னலால் ஓர் அடி நகர முடியவில்லை. சகலைகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்துத் தூக்கினார்கள். எப்படித் தூக்குவது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "முழங்காலை மடக்குங்க. இடுப்பை வளைக்காதீங்க. நான் சொன்னதும் தூக்குங்க."

"நீயா?" என்றார் கர்னல் என்னைப் பார்த்து. "உன்னை நம்பினேனே!"

"தண்ணியில இருந்தா வலி குறையும்னு சொன்னேன். குறைஞ்சுதா இல்லையா?"

அதற்குள் பாதிப்பேர் லாக்கர் அறைக்கு ஓடிப் போனை எடுத்து வந்துவிட்டார்கள். மேற்பார்வைக்காரம்மாளும் தடுக்கவில்லை. அன்று சாயங்காலம் அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. வெளிர்நீலத் தொப்பி, தொப்பை, சாயம் வழிந்த காது, அவரை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்த இரண்டு சகலைகள்.

அமைச்சர் தொலைக்காட்சியில் வந்து, "பல ஆண்டுகள் நுட்பமாகத் திட்டமிட்ட நடவடிக்கையின் வெற்றி" என்றார். த்ராகிஷாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். தேடுவதற்கு வேறொரு ஆளையும் கொடுத்தார்கள். "இந்தத் தடவை உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா தயவுசெஞ்சு எனக்குச் சொல்லாதீங்க அண்ணி" என்று இன்றும் கும்பிடுகிறான்.

ஓப்ரெனை விசாரித்தார்கள், ஆனால் அரைமனசாக. முழுசாக விசாரித்தால் உத்தரவு எவ்வளவு மேலிருந்து வந்தது என்பதும் வெளிவந்துவிடுமே. என்னோடு அவன் கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை. பிறகு ஒருநாள் ரொட்டி வெட்டிக்கொண்டே கேட்டான். "அந்தாள் என்னதான் பண்ணினார், நேவெங்கா? அன்னைக்குத் தண்ணியில அந்தப் பொண்ணு சோப்புன்னு சொன்னாளே, என்ன அது?" அத்தனை வருஷம் ஒளித்து வைத்தவன், அதுவரை யாரிடமும் கேட்டதே இல்லை. நான் கர்னல் சொன்னதைச் சொன்னேன், அவர் சொன்ன மாதிரியே. ஓப்ரென் கத்தியை வைத்துவிட்டு வெளியே போனான். நதிக்கரை வரை நடந்துவிட்டு வந்தானாம். அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலேயே ஹேக் நீதிமன்றத்தின் பெல்கிரேடு அலுவலகத்துக்குப் போய், தனக்கு உத்தரவு கொடுத்தவர்களைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தான். அதற்குப் பரிசாக ராணுவ இசைக்குழுவின் நிர்வாகத்துக்கு மாற்றினார்கள். இப்போது டிரம்பெட் பழுதுபார்க்க ஏற்பாடு செய்கிறான். உண்மையாகவே உட்கார்ற வேலை.

கர்னல் ஹேக்கில் வாரக்கணக்கில் பேசினார். நாடு, வரலாறு, துரோகம், சிறைச் சாப்பாடு எல்லாவற்றையும் பேசினார். ஸும்ரெதா கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் வேறு பக்கத்திலிருந்து வந்தது. புக்வினாவில் அந்த நாட்களில் லாரி ஓட்டிய ஒருவன் இத்தனை வருஷம் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தான். கர்னல் எந்த நேரமும் திரும்பி வந்துவிடுவார் என்று அவனுக்குப் பயம். அவன் மனைவி அந்தக் குளத்துப் படத்தை அவனிடம் காட்டியிருக்கிறாள். அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தானாம். "இந்தாளுக்கா பயந்தேன்?" என்றானாம். மறுநாள் போய், லாரியை எந்தக் கல்குவாரிக்கு ஓட்டினான் என்று காட்டிவிட்டான்.

அங்கே தோண்டியெடுத்த ஸும்ரெதாவின் அப்பாவை ஜூலையில் புக்வினாவில் அடக்கம் செய்தார்கள். கணவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் ருஷாவும் போனோம், ருஷாதான் காரை ஓட்டினாள். பெல்கிரேடிலிருந்து வந்த என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்று பயந்தேன். சிலர் பார்க்கவும் செய்தார்கள். ஸும்ரெதா வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். நல்ல வெயில். மண் போட்டு முடித்தார்கள்.

பிறகு அவளுடைய பழைய வீட்டு முற்றத்தில் சாப்பாடு, கீரை வைத்துச் சுட்ட பிட்டா, மோர். அவள் அப்பாவுக்கு டோமினோ ஆட்டத்தில் ஏமாற்றாமல் ஆடவே தெரியாதாம். கட்டைகளைச் சட்டைக் கைக்குள் எப்படி ஒளித்துவைப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நடித்துக் காட்டினார். ஸும்ரெதா சிரித்துச் சிரித்துப் புரையேறி, என் தோளில் முட்டிக்கொண்டு, "நிறுத்தச் சொல்லுடி அவரை" என்றாள். அவர் நிறுத்தவில்லை. அன்று யாரும் கர்னலின் பெயரைச் சொல்லவில்லை.